சாறு ஏறும் வழி தேடிய ஜகதீஷ் சந்திர போஸ்

மலையகத் தோட்டங்களில் லயங்களுக்குக் கீழே, பள்ளத்தில் பீலி இருக்கும். அங்கிருந்து குடத்தையும் வாளியையும் சுமந்துகொண்டு மேட்டில் ஏறிப் பழகியவர்களுக்கு, நீரை உயரத்துக்குக் கொண்டுசெல்வது எத்தகைய உழைப்பு என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதே பாதையின் இருமருங்கிலும் நிற்கும் தேயிலைச் செடியும், அதற்கு நிழல் தரும் கிரவிலியா மரமும் அந்த உழைப்பை நாள்தோறும் ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கின்றன. மண்ணுக்குள் இருக்கும் நீரும் அதில் கரைந்துள்ள கனியுப்புக்களும் உச்சிக் கொழுந்து வரை சென்று சேருகின்றன. தூக்குவது யார்? செடிக்குள் இதயமும் இல்லை, இறைக்கும் இயந்திரமும் இல்லை.

உறிஞ்சு குழாயில் நீர் ஏறுவதுபோல் வளியமுக்கமே மேலே தள்ளுகிறது என்று சொல்லிவிட முடியாது. கடல் மட்டத்தில் வளியமுக்கம் தாங்கக்கூடிய நீர்நிரலின் உயரம் சுமார் 10 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளி மேலும் ஐதாக இருப்பதால் அது ஏறத்தாழ 8 மீற்றராகக் குறைந்துவிடும். நுவரெலியாவின் கிரவிலியாக்களும் யூக்கலிப்டஸ் மரங்களும் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டவை.

இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டதாக உறுதியாக நம்பி, அந்த நம்பிக்கையுடனேயே மறைந்த மேதை ஒருவர் நமது துணைக்கண்டத்தில் வாழ்ந்தார். அவர்தான் சேர் ஜகதீஷ் சந்திர போஸ். தாவரத்துக்கு உயிர் உண்டென முதன்முதலில் நிரூபித்தவர் என்று பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் இன்றும் அவரைப் பற்றி முழங்குவதைக் கேட்கிறோம். அது தவறு. தாவரத்துக்கு உயிர் உண்டென்பதில் அவர் காலத்து விஞ்ஞானிகள் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுத்த தொல்காப்பிய மரபியலைப் படித்த நமக்கோ அது செய்தியே அல்ல. செய்யாத சாதனையை அவர் தலையில் ஏற்றிவிட்டு, செய்தவற்றையும் தவறியவற்றையும் பேசாமல் விடுவது அந்த மனிதருக்கு நாம் இழைக்கும் அநீதி என்பதாலேயே இக்கட்டுரை.

இன்றைய பங்களாதேஷிலுள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30 ஆந் திகதி போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பிரதி நீதவானாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பதே உத்தியோகத்தர்களின் வழக்கமாக இருந்த காலத்தில், அவர் மகனை ஃபரித்பூரில் வங்கமொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். பிறமொழியைக் கற்குமுன் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவரது எண்ணம். அந்த வகுப்பறையில் போஸின் வலப்புறத்தில் தந்தையின் முஸ்லிம் பணியாளரின் மகனும், இடப்புறத்தில் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவ்விருவரும் சொன்ன கதைகளே இயற்கையைத் துருவிப் பார்க்கும் ஆவலைத் தம்முள் விதைத்தன என்று, உலகப் புகழ் பெற்ற பின்னர், 1915 இல் பிக்ரம்பூரில் நிகழ்த்திய உரையொன்றில் போஸ் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

பின்னர் கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் பெல்ஜிய நாட்டு இயேசுசபைத் துறவி லஃபோன் அவருக்குப் பௌதிகத்தில் பற்றை ஏற்படுத்தினார். 1880 இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்ற போஸை ஏற்கெனவே பற்றியிருந்த காய்ச்சல் விடவில்லை. பிணக்கூறு அறையின் வாடை அதை மேலும் மோசமாக்கியதால் மருத்துவத்தைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தார். சார்ள்ஸ் டார்வின் படித்த கல்லூரி அது. நமது மலையகத்துக்கும் அக்கல்லூரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. போஸுக்குச் சில ஆண்டுகள் முன்னதாக அங்கு பயின்ற ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரே, கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலைத்துரு நோயை ஆராய 1880 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பூஞ்சணம் இலையின் கீழ்ப்புறத்திலுள்ள நுண்துளைகள் வழியாகவே உட்புகுகிறது என்பதைப் பேராதனையிலிருந்து ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் அவர். நோய்க்கு மருந்து தரவில்லை என்று தோட்டத் துரைமார் அவர்மீது மனக்குறைப்பட்டனர். கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. அந்த நுண்துளைகளை நாம் மீண்டும் சந்திக்க நேரும்.

கேம்பிரிட்ஜில் போஸுக்கு வாய்த்த ஆசிரியர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பௌதிகத்தில் றேலி பிரபு. தாவரவியலில் சிட்னி வைன்ஸ், டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின். ஒரே மாணவனின் மனத்தில் பௌதிகமும் தாவரவியலும் அருகருகே அமர்ந்தமையே பின்னாளில் அவருடைய வெற்றிகளுக்கும் தோல்விக்கும் காரணமாயிற்று எனலாம்.

1885 இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராகப் பதவியேற்றார். அக்காலத்தில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே வழங்கப்பட்டது. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதிதான் என்றார்கள். அவர் வேலையை விடவில்லை, வேலைநிறுத்தம் செய்யவில்லை, சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். வீட்டிலோ தந்தை கடன்பட்டிருந்தார். ஈற்றில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் நியமன நாளிலிருந்து கணக்கிட்டு வழங்கியது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்கே சென்றது. செய்த வேலைக்கு உரிய கூலி என்ற சொல்லின் கனத்தை மலையக வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடினமான ஆண்டுகளின் நடுவே, 1887 இல், அவர் அபலா தாஸை மணந்தார். அபலா 1882 இல் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உடல்நலக் குறைவால் அதை முடிக்க முடியாமற் போனவர். பிற்காலத்தில் வங்கத்தில் பெண்கல்விக்காகப் பெரும்பணி ஆற்றியவர்.

ஆராய்ச்சிக்கு வசதியெதுவும் இல்லாத கல்லூரியில், உள்ளூர்க் கம்மியர்களைப் பழக்கி, தாமே வடிவமைத்த கருவிகளைக்கொண்டு போஸ் மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். சில மில்லிமீற்றர் நீளமே கொண்ட அலைகளை உண்டாக்கி, 1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்று தொலைவிலுள்ள மணியை அவை ஒலிக்கச் செய்வதைப் பொதுமக்கள் முன் காட்டினார். 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் இன்ஸ்டிரியூஷனில் விரிவுரை நிகழ்த்தினார். இக்கண்டுபிடிப்பைப் பணமாக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் பெறப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை ஒன்று 1904 இல் கிடைத்தது. அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டுவிட்டார். வானொலி வரலாற்றில் அவருக்குரிய இடம் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளதால் அதை இத்துடன் விடுவோம்.

அலைகளை உணரும் கருவியின் உலோகம் நீண்டநேரம் வேலை செய்தபின் சோர்வடைவதுபோல் நடந்துகொள்வதையும், சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் கூர்மை பெறுவதையும் அவர் கவனித்தார். தசையும் அப்படித்தானே செய்கிறது என்ற எண்ணம் எழுந்தது. உலோகம், செடி, விலங்கு மூன்றையும் ஒரே விதமாகத் தூண்டி, மூன்றின் மின் எதிர்வினைகளையும் வரைபடமாக்கினார். உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையிலான கோடு நாம் நினைக்குமளவு அழுத்தமானதல்ல என்ற முடிவுக்கு வந்தார். 1901 இல் இலண்டனில் இதை எடுத்துரைத்தபோது உடற்றொழிலியலாளர்கள் சினந்தனர். பௌதிக ஆசிரியர் தம் எல்லையைத் தாண்டுகிறார் என்பது அவர்களது மனத்தாங்கல். றோயல் சங்கம் அவரது கட்டுரையை வெளியிடாமல் நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு லினேயன் சங்கம் அவருடைய தாவர ஆய்வை வெளியிட்டது. அக்காலத்தில் தாகூரின் நட்பும், அவருடைய நூல்களைச் செப்பனிட்டு உதவிய நிவேதிதை அம்மையாரின் துணையும் அவரைத் தாங்கின. 1920 இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பற்றிக் கெடிஸ்தான் மறு ஆண்டில் கொழும்பு நகருக்கான திட்ட அறிக்கையைத் தயாரித்தவர் என்பது இலங்கை வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

தாவரங்களில் அவர் விரும்பி ஆராய்ந்தவை இரண்டு. ஒன்று, நமது தோட்டப் பாதையோரங்களில் களையாகப் படர்ந்து கிடக்கும் தொட்டாற்சுருங்கி. மற்றையது தொழுகண்ணி. தொழுகண்ணியின் சிற்றிலைகள் தூண்டுவார் இன்றியே மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்கும். அந்த அசைவைப் பதிவுசெய்த போஸ், தவளையின் இதயத்துடிப்புப் பதிவுடன் அதை ஒப்பிட்டார். குளிரூட்டினாலும் சூடாக்கினாலும் நஞ்சூட்டினாலும் இரண்டும் ஒரே விதமாக மாறுவதாகக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியையும் ஆக்கினார். கருவி பொய் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, 1920 இல் இலண்டனில் விஞ்ஞானிகள் சிலர் நேரில் பரிசோதித்து, பதிவு சரியானதே என்று பத்திரிகைக்கு எழுதினர். அவ்வாண்டிலேயே றோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1917 இல், தமது 59 ஆவது பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்துவைத்தார். அதன் மலைநாட்டுக் கிளை தேயிலை விளையும் டார்ஜிலிங்கில் மாயாபுரி என்ற பெயரில் அமைந்தது. தேயிலை மலைகளைப் பார்த்தபடி செடிக்குள் ஏறும் சாற்றைப் பற்றிச் சிந்தித்தவர் என்ற வகையில் அவர் நமக்கு அந்நியர் அல்லர்.

அவர் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தபோது அதற்கு ஒரு விடை ஏற்கெனவே இருந்தது. ஜேர்மனியின் பொன் நகரப் பேராசிரியர் ஸ்ட்ராஸ்பேர்கர் 1890 களின் தொடக்கத்தில், 20 மீற்றருக்கு மேல் உயரமான ஓக் மரத்தை அடியில் அறுத்து, உயிர்க்கலங்களைக் கொல்லும் பிக்றிக் அமிலத்தில் நிறுத்தினார். அமிலம் உச்சிவரை ஏறியது. பின்னர் விட்ட சாயநீரும், கலங்கள் மாண்டுபோன அதே பாதையில் ஏறிச் சென்றது. நீரை ஏற்றுவதற்குத் தண்டின் உயிர்க்கலங்கள் தேவையில்லை என்பதே இதன் பொருள். அவரிடம் பயின்ற ஹென்றி டிக்சன் என்ற தாவரவியலாளரும், ஜோன் ஜோலி என்ற பௌதிக அறிஞரும் 1894 இல் டப்ளினில் விளக்கத்தை முன்வைத்தனர். இன்று உயர்தர உயிரியல் மாணவர்கள் பிணைவு-இழுவைக் கொள்கை என்று படிப்பது இதையே.

சுருங்கச் சொன்னால் நிகழ்வது இதுதான். கோப்பித் துரு நுழைந்த அதே வகை நுண்துளைகள், அதாவது இலைவாய்கள், தேயிலை இலையின் அடிப்புறத்திலும் உள்ளன. வெயிலும் காற்றும் அவற்றின் வழியே இலையின் ஈரத்தை ஆவியாக எடுத்துச் செல்கின்றன. இலைக்குள் கலச்சுவர்களின் நுண்ணிய இடுக்குகளில் படிந்திருக்கும் நீர்ப்படலம் உள்வளைகிறது. மேற்பரப்பிழுவிசை பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை. எனவே மேலே இழுபட்ட நீர், காழ் எனப்படும் குழாய்களின் வழியே வேர்வரை நீளும் நிரல் முழுவதையும் இழுக்கிறது. அக்குழாய்களோ இறந்த கலங்களின் வெற்றுச் சுவர்கள். இவ்வேலைக்கான சக்தியைச் சூரியனே தருகிறது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் இவ்வாறு ஆவியாகவே வெளியேறிவிடுகிறது. வருடத் தொடக்கத்து மாதங்களில் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் வறண்ட காற்று வீசும்போது, மண்ணில் ஈரம் குன்றக் குன்ற இந்த இழுவை கடுமையாகிறது. செடி இலைவாய்களை மூடித் தன்னைக் காத்துக்கொள்கிறது, கொழுந்து குறைகிறது.

போஸுக்கு இந்த விளக்கம் நிறைவளிக்கவில்லை. உயிருள்ள மரத்தில் நடக்கும் முக்கியமான தொழிலை இறந்த குழாய்களிடமும் வெயிலிடமும் ஒப்படைப்பதா என்று அவர் கேட்டார். வாடிய கிளைக்கு ஊக்கமருந்து கலந்த நீரைக் கொடுத்தால் இலைகள் விரைந்து நிமிர்வதையும், நஞ்சு கலந்த நீரில் துவண்டு விழுவதையும் காட்டினார். நுண்ணிய மின்வாய் ஒன்றைத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி, ஒவ்வோர் ஆழத்திலும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதை அளந்தார். காழுக்கு வெளியே அதனை ஒட்டியிருக்கும் உயிர்க்கலப் படையில் அந்த ஏற்றவிறக்கம் மிகுந்திருப்பதாகக் கண்டார். அப்படையின் கலங்கள் சுருங்கி விரிந்து, கையாற்கை மாற்றுவதுபோல் நீரை மேலே தள்ளுகின்றன. செடி முழுவதும் நீண்டு கிடக்கும் இதயம் அதுவே என்று முடிவுகட்டி, 1923 இல் சாற்றேற்றம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார்.

அவர் அளந்த மின்துடிப்பு பொய்யென்று சொல்வதற்கில்லை. அந்தத் துடிப்பிலிருந்து நீரேற்றத்துக்குத் தாவிய இடத்திலேயே அவர் வழுக்கினார். மரத்தில் நீர் ஓடும் வேகத்தையும் அளவையும், அத்துணை சிறிய கலங்கள் அத்துணை மெதுவாகத் துடித்து இறைக்கக்கூடிய அளவையும் கணக்கிட்ட மற்றவர்களுக்கு இரண்டும் கிட்டவும் பொருந்தவில்லை. ஸ்ட்ராஸ்பேர்கரின் நஞ்சூட்டிய ஓக் மரம் வேறு தடையாக நின்றது. தொழுகண்ணியில் இதயத்தைக் கண்ட கண்ணுக்குச் சாற்றேற்றத்திலும் இதயமே தெரிந்தது. உயிர்கள் யாவும் ஒன்றே என்ற அவரது ஆழ்ந்த நம்பிக்கை முன்னர் அவருக்குக் கதவுகளைத் திறந்துவிட்டது. இங்கே அதுவே கண்ணை மறைத்தது என்பது எமது கருத்து. அவரைச் சூழ்ந்திருந்த புகழும் உதவவில்லை. ஆட்சியாளரின் இளக்காரத்தை வென்ற வீரராக நாடே அவரைக் கொண்டாடிக்கொண்டிருக்கையில், இந்தக் கணக்கு பிழை என்று அருகிலிருந்து சொல்லத் துணிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பர்? வெளியிலிருந்து சொன்னவர்களின் சொல்லில் பழைய இளக்காரத்தின் தொனி கேட்டிருக்கவும் கூடும்.

கனியுப்புக்களின் கதையில் போஸின் உள்ளுணர்வுக்கு ஓரளவு இடம் உண்டு. நீர் இழுபட்டு வரலாம். உப்புக்கள் அப்படித் தாமாக வந்துவிடுவதில்லை. வேர்மயிர்க் கலங்கள் தமது சக்தியைச் செலவிட்டு நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் முதலியவற்றைத் தெரிந்தெடுத்து உள்வாங்குகின்றன. மேலும் உள்ளே, வேரின் அகத்தோலில், நீர் புகாத நாடா ஒன்று கலங்களைச் சுற்றி ஓடுகிறது. 1865 இல் காஸ்பரி என்ற ஜேர்மானியர் விவரித்த நாடா அது. இடுக்குகளின் வழியாக நழுவிச் செல்ல அது இடந்தராது. உப்புக்கள் உயிர்க்கலத்தின் மென்சவ்வைக் கடந்தே காழை அடையவேண்டும். அதாவது, காழின் வாசலில் உயிர்க்கலங்கள் காவல் நிற்கின்றன. அவை நீரை உச்சிக்கு ஏற்றுவதில்லை. எது ஏறலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. இரவில் இவ்வாறு உப்புச் சேர்ந்த காழுக்குள் நீர் புகுந்து உண்டாகும் வேரமுக்கமே, விடிகாலையில் புல்நுனிகளில் துளிகளாகத் தொங்குகிறது. நாம் அனைத்தையும் பனித்துளி என்றே எண்ணிவிடுகிறோம். ஆயினும் அந்த அமுக்கம் சில மீற்றருக்கு மேல் நீரைத் தள்ளவல்லதன்று.

கவ்வாத்து வெட்டிய மலையில் இலையில்லாமல் நிற்கும் தேயிலையைப் பார்த்தால் இவையனைத்தும் விளங்கும். இழுப்பதற்கு இலை இல்லை. வேரில் முன்னமே சேமித்துவைத்த மாப்பொருளைக்கொண்டே செடி மீண்டும் துளிர்க்கிறது. அதனாலேயே கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் இட்டுப் பார்க்கும் வழக்கம் வந்தது. 1925 இல் நிறுவப்பட்டு, தலவாக்கலையில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பணிகளில் பெரும்பகுதி, வேருக்குக் கிடைப்பதற்கும் இலைக்குச் சென்று சேர்வதற்கும் இடையிலான இந்தக் கணக்குப் பற்றியதுதான். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டபோது, அந்தக் கணக்கின் அருமையைத் தோட்டங்கள் வேறொரு விதத்தில் உணர்ந்தன.

டிக்சனின் இழுவையை நேரடியாக அளக்கும் எளிய வழி 1965 இல்தான் பரவலாக அறிமுகமாயிற்று. ஷோலாண்டர் என்ற உடற்றொழிலியலாளர், வெட்டிய கிளையை அமுக்கக் கலம் ஒன்றினுள் வைத்து, வெட்டுமுனையில் சாறு எட்டிப்பார்க்கும்வரை வாயுவைச் செலுத்தி, அதற்கு எவ்வளவு அமுக்கம் தேவைப்பட்டது என்று அளந்தார். உள்ளே நீர் எவ்வளவு வலுவாக இழுபட்டிருந்தது என்பது அதிலிருந்து தெரிந்தது. பிணைவு-இழுவைக் கொள்கை அதன்பின் மேலும் உறுதிபெற்றது. போஸின் துடிப்புக் கொள்கை பாடநூல்களின் ஓரத்துக்குச் சென்றது.

ஆனால் தாவரங்களில் மின்சைகைகள் ஓடுகின்றன என்று அவர் சொன்னது நிலைத்துவிட்டது. தொட்டாற்சுருங்கியின் இலை மடிவதற்கு முன் அதனூடே மின்சைகை பாய்வது இன்று எவரும் மறுக்காத உண்மை. 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, புழு கடித்த இலையிலிருந்து கல்சியம் அலை ஓரிரு நிமிடங்களில் தொலைவிலுள்ள இலைகளுக்குப் பரவுவதைப் படமாகவே காட்டியது. அவ்வலை செல்லும் பாதைகளில் சாறு ஓடும் கலன்களும் அடங்கும். செடிகளின் மின் எதிர்வினை பற்றி எழுதும் இன்றைய ஆய்வாளர்கள் போஸின் நூல்களைத் திரும்பவும் புரட்டுகின்றனர். ஆகவே உயிரியல் ஆசிரியர்கள் சாற்றேற்றத்தைக் கற்பிக்கும்போது டிக்சனின் விடையுடன் போஸின் தவறான விடையையும், அவர் அதற்கு வந்த வழியையும் சேர்த்துச் சொன்னால் பாடம் கெட்டுவிடாது என்றே எண்ணுகிறோம். பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கும் அது பயன்படும்.

போஸ் தமது கொள்கையை இறுதிவரை கைவிடவில்லை. இரத்த அழுத்தமும் நீரிழிவும் வாட்டிய கடைசி ஆண்டுகளிலும் நிலையத்தின் பணிகளைக் கவனித்துவந்தார். 1937 நவம்பர் 23 ஆந் திகதி, 79 ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதி நகரில் காலமானார். அவரும் அவர் பழக்கிய கம்மியர்களும் கையால் கடைந்து செய்த கருவிகள் கொல்கத்தாவில் அவரது நிலையத்தின் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளன.